தலையணைக்கு அடியில் இரும்பு

சாவுகளைக் கூட்டிக் கழிப்பது என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் "புள்ளிவிவரம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். பக்கத்தில் என் கணவர் இருந்தால் தப்ப முடியாது. "யாரு எப்ப போவாங்கன்னு கணக்குப் போடுறவ. பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடிப்பார். கேட்டவர் நைசாக வேறு நாற்காலிக்கு மாறிவிடுவார்.

யார் எப்போது போவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு கூட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் போவது வழக்கம், உண்மையில் எத்தனை பேர் போனார்கள், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா, இவ்வளவுதான் நான் பார்ப்பது. வழக்கத்துக்கு மேல் போவதை மிகை மரணம் என்போம். வெறும் வகுத்தல் கணக்கு. மேலே செத்தவர்கள், கீழே அந்தக் கூட்டத்தில் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும். கீழே யாரை வைப்பது என்பதில்தான் எனக்குத் தலை நரைத்தது.

இந்தச் சிங்கப்பூர்த் தீவில் கட்டடம் கட்டுகிற, கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடிக்கிற வெளிநாட்டு இளைஞர்களில் சிலர் இரவு படுத்தால் காலையில் எழுவதில்லை. இருபது, முப்பது வயதுக்காரர்கள். முந்தின நாள் முழுக்க வேலை பார்த்து, சாப்பிட்டு, ஊருக்கு வீடியோ கால் பேசிவிட்டுப் படுத்தவர்கள். காயம் இல்லை, விஷம் இல்லை, அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "கண்டறிய இயலவில்லை" என்று வரும். இப்படிப் போகிறவர்கள் வழக்கத்துக்கு மேலா என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எண்களை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எழுத வேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது.

முதலில் எல்லாரும் போடுகிற கணக்கைத்தான் போட்டேன். இந்த இளைஞர்கள் சாகிற வீதத்தை அதே வயது உள்ளூர் ஆண்களோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. என் மேலதிகாரி என்னைவிட மிகவும் இளையவள், சீனப் பெண், கெட்டிக்காரி. அட்டவணையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "நல்லவேளை, அதிகம் இல்லை. முடித்துவிடலாமா?" என்றாள்.

"முடிக்கக் கூடாது" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் சமையலறை உவமைதான் வரும். "மூட்டை அரிசியில் கல் கிடக்கும். புடைத்து எடுத்த அரிசியில் கிடக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே அளவு கல் கிடந்தால் நீங்கள் நிம்மதியாக உலை வைப்பீர்களா?" என்று கேட்டேன். இந்த இளைஞர்கள் இங்கே வருவதற்கு முன்பும் வந்த பிறகும் உடல் பரிசோதனையில் தேறியவர்கள். தேறாதவர்கள் விமானமே ஏறுவதில்லை. இங்கே வந்தபின் நோயில் விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். உள்ளூர் ஆண்களில் பிறவி நோயாளியும் உண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் உண்டு. சலித்தெடுத்த கூட்டத்தைச் சலிக்காத கூட்டத்தோடு நிறுத்தி "சமம்" என்று சொன்னால், அதுவே ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சூப்பர்மார்க்கெட் அரிசியில் கல்லே இருப்பதில்லையே" என்றாள்.

"அப்படியானால் ஒரே ஒரு கல் கிடந்தாலும் கடைக்காரனைக் கேட்க வேண்டாமா?"

சிரித்துவிட்டாள். சரி, யாரோடு ஒப்பிடுவது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டாள். பரிசோதனையில் தேறி உடலுழைப்பு வேலைக்குச் சேர்ந்த அதே வயது உள்ளூர் ஆண்களைத் தேடியெடுத்து, கீழே அவர்களை வைத்து மறுபடி வகுத்தேன். விபத்தை ஒதுக்கினேன், தற்கொலையை ஒதுக்கினேன். இடைவெளி எழுந்து நின்றது. தூக்கத்தில் போனவர்கள்தான் அந்த இடைவெளி.

ஏன் போனார்கள் என்பதை அட்டவணை சொல்லாது. கூட இருந்தவர்களைக் கேட்க வேண்டும். எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால், இறந்த தமிழ் இளைஞர்களின் அறைத்தோழர்களுக்கும் உறவினர்களுக்கும் நானே போன் செய்தேன். கேள்விகளை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் தந்திருந்தார்கள். நான் நல்ல தமிழில் மாற்றினேன். இறந்தவருக்கு மயக்கம் வந்ததுண்டா? நெஞ்சு வலி உண்டா? படபடப்பு? குடும்பத்தில் யாருக்காவது இதய நோய்? எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "இல்ல மேடம். ஒண்ணும் இல்ல மேடம். நல்லா இருந்தான் மேடம்." சிலர் பயந்து சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவர்கள் தங்கும் தொழிலாளர் விடுதிகளில் எப்போதும் உண்டு. செத்தவனைப் பற்றிப் பேசும்போதுகூட அது விடவில்லை.

அப்படிப் பேசியவர்களில் ஒருவன் இறந்தவனின் சொந்தத் தம்பி. ஒரே கம்பெனி, ஒரே அறை. அண்ணன் கீழ்க் கட்டில், இவன் மேல் கட்டில். இவனும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றான். ஆனால் ஒவ்வொரு "இல்லை"க்கு முன்பும் ஒரு மூச்சு நேரம் நின்று சொன்னான். எனக்கு அது உறுத்தியது. நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்கு வருவேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீடு இருக்கும் பொங்கோலில் ரயில் ஏறும்போது உட்கார இடம் இருக்கும். லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது என் கால் தரையில் படாது. சந்தைக் கட்டடத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மேசையைப் பிடித்து, அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து உரிமை நாட்டிவிட்டுக் காத்திருந்தேன். வந்தான். மெலிந்த, உயரமான பையன். சாரம் கட்டுகிற வேலை என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம். தேத்தண்ணீரும் புரோட்டாவும் வாங்கி வைத்தேன். தொடவில்லை.

"நேத்து நைட் ஷிஃப்டா தம்பி?"

"இல்ல மேடம். தூங்குனேன்."

தூங்கின கண் இல்லை அது. அப்போது அவனுடைய போன் அடித்தது. பைக்குள் கையை விட்டுத் துழாவினான். துண்டு வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது, பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் வந்தது. எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்து அணைத்தான்.

"ஞாயித்துக்கெழமையும் வேலையா? ஸ்பேனரோட சுத்துறீங்க?" என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

வெட்கப்பட்டான். "வேலைக்கு இல்ல மேடம். மத்தியானம் திடல்ல கொஞ்சம் கண்ணசருவேன். அப்ப தலைக்கு அடியில வச்சுக்கிறது."

"எதுக்கு?"

சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அமுக்குது மேடம்."

எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அமுக்குவான் பேய். மல்லாந்து படுத்தால் அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்காரும் என்று என் அம்மாவும் எங்களை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதுண்டு. பத்தாவது மாடி வீட்டுக்குள் அமுக்குவான் லிஃப்டில் வருமா, படியேறி வருமா என்று நானும் என் தங்கையும் சண்டை போடுவோம். இரும்பைக் கண்டால் பேய் அண்டாது. ஊரில் அரிவாள் வைப்பார்கள். விடுதியில் அரிவாளுக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த இரும்பு ஸ்பேனர்தான்.

"நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிரும் மேடம். அப்புறம் ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல உள்ளவங்க உலுக்கி எழுப்புனாதான் உசுரு வரும்."

"நீங்க கத்துறது மத்தவங்களுக்குக் கேக்குமா?"

"கத்த மாட்டனாம். தண்ணிக்குள்ள மூச்சு விடுற மாதிரி களகளன்னு சத்தம் வருமாம். அண்ணன் சொல்லும். அதுக்கும் அப்படித்தான் வரும். இது அண்ணனோட ஸ்பேனர் மேடம்."

ஸ்பேனரின் வாயை விரலால் தடவினான். பிறகு சொன்னான். "ரெண்டு மூணு நாளா எனக்கு ரொம்ப அமுக்குச்சு. நீ வச்சுக்கடா, எனக்கு இப்ப ஒண்ணும் வரலன்னு எடுத்துக் குடுத்துருச்சு. மறுநா காலையில ஆறிப்போன சோறு மாதிரி கெடக்குது மேடம். நான் வாங்காம இருந்திருந்தா இருந்திருக்கும். என்னாலதான் போச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் போன்ல கேட்டேனே தம்பி! மயக்கம் உண்டா, நெஞ்சு வலி உண்டான்னு வரிசையா கேட்டேனே. எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்னீங்களே!"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "நீங்க நோயத்தானே கேட்டீங்க மேடம். இது பேயாச்சே."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நல்ல தமிழில் கேட்டேனாம், நல்ல தமிழில்! அவனுக்கு அது பொய்யே இல்லை. நோய்க்கு மருந்து, பேய்க்கு இரும்பு. இரண்டும் வெவ்வேறு கடை. நோய்க் கடையில் நின்றுகொண்டு நான் இரும்பைத் தேடியிருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். டாக்டர் என்றால் என்னோடு ஜூனியர் காலேஜில் படித்தவர். சிராங்கூன் ரோட்டில் தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். மீட்டர் அளக்க மாட்டேன் என்று ஓடிப்போய் இதய மருத்துவர் ஆனவர். பேச்சில் இந்த ஊர் 'லா' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேய் என்று ஆரம்பித்ததுமே சிரித்தார்.

"அமுக்குவானா? பாதித் தூக்கத்துல எல்லாருக்கும் வரும் லா. எனக்கே ஹவுஸ்மேன்ஷிப்ல, பயிற்சி டாக்டரா இருந்தப்ப வந்துச்சு. ஒண்ணும் பண்ணாது. இதுக்கா ஃபோன் பண்ணே?"

"களகளன்னு சத்தம் வருமாம். உலுக்கினாதான் எந்திரிப்பானாம். அண்ணனுக்கும் அதே மாதிரி. அண்ணன் தூக்கத்துல போயிட்டான்."

சிரிப்பு நின்றது. "எத்தனை வயசு?" என்றார். சொன்னேன். "அந்தப் பையனை உடனே கூட்டிட்டு வா. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளாதே."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சிலருக்கு இதயம் பார்வைக்கு நன்றாக இருக்கும். அதை ஓட்டுகிற மின்சாரத்தில் மட்டும் பிறவியிலேயே ஒரு பிசகு. பெரும்பாலும் ஆண்களுக்கு, பெரும்பாலும் தூக்கத்தில், சில நேரம் காய்ச்சலின்போது துடிப்பு தாறுமாறாகிவிடும். தானாகச் சரியானால் அமுக்கியது என்பார்கள். சரியாகாவிட்டால் எழ மாட்டார்கள். குடும்பத்தில் தொடரும். அறுத்துப் பார்த்தால் ஏன் தெரிவதில்லை என்று கேட்டேன். "ஃபேன் ரிப்பேர்னா கழட்டிப் பாக்கலாம். கரண்டு போனதை எப்படிக் கழட்டிப் பாப்பே?" என்றார்.

மறுநாளே பையனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "டெஸ்ட்ல ஏதாச்சும் வந்தா அனுப்பிருவாங்க மேடம். அண்ணனும் இல்ல. நான் இங்க இருக்கணும்" என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. விடுதிக்குப் போனேன். வேலைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். கம்பெனியிடம் சொல்லி இழுத்துவரலாம். அப்படிச் செய்தால் அவன் பயந்தது பரிசோதனைக்கு முன்பே நடந்துவிடும். அவனாகச் சம்மதித்து வர வேண்டும். அதற்குள் எத்தனை இரவு போகுமோ. அலுவலகத்துக்குப் போனதும் புதிய இறப்புப் பதிவுகளில் அவன் வயதைத்தான் முதலில் தேடுவேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் காப்பி.

இன்னொரு பக்கம் கணக்கையும் விடவில்லை. முன்பு பேசிய அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை நோயைக் கேட்கவே இல்லை. "அவர் தலகாணிக்கு அடியில இரும்பு ஏதாச்சும் வச்சுப் படுப்பாரா?" என்று கேட்டேன். மடை திறந்தது. ஸ்பேனர், ஆணி, பூட்டு, சாவிக்கொத்து, வெல்டிங் கம்பித் துண்டு. ஒருத்தன் கட்டில் காலிலேயே செருப்பைத் தலைகீழாகக் கட்டி வைத்திருந்தானாம். என்ன சத்தம் வரும், யார் எழுப்புவார்கள் என்பதும் கேட்காமலே வந்து விழுந்தது.

என் அட்டவணையில் "இரும்பு" என்று ஒரு பத்தி சேர்த்தேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இதை நான் மேலே எப்படிக் காட்டுவேன்?" என்று தலையில் கை வைத்தாள். "தலைப்பை இரவு மூச்சுத்திணறல் என்று மாற்றிக்கொள்ளுங்கள், எண் மாறாது" என்றேன்.

ஆனால் எண் அரைகுறைதான். செத்தவர்களில் பலர் இரும்பு வைத்திருந்தார்கள் என்பது மேலே உள்ளது. கீழே? உயிரோடு இருப்பவர்களும் அதே அளவுக்கு வைத்திருந்தால் என் கண்டுபிடிப்பு குப்பைக்குத்தான் போகும். ஆகவே உயிரோடு இருப்பவர்களையும் கேட்க வேண்டும். அலுவலக அனுமதி, தாள், அடையாள அட்டை எல்லாவற்றோடும் ஞாயிறுதோறும் தேக்காவுக்குப் போனேன். பணம் அனுப்புகிற கடை வரிசையில், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில், கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று, முன்பின் தெரியாத இளைஞர்களிடம் "தம்பி, ராத்திரி படுக்கும்போது இரும்பு வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டேன். சிலர் என்னை மந்திரவாதி என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். ஒருவன் தாயத்து என்ன விலை என்று கேட்டான். என் கணவர் விடுவாரா? "ஊரெல்லாம் இரும்பு கேட்டு அலையுற. கீழ் வீட்டு வாசல்ல நின்னு ஹார்ன் அடிக்கிற காராங்குனிக்காரனுக்குப் போட்டியா?" என்றார். பழைய சாமான் வாங்குகிற அந்த ஆள்கூட என்னைவிடக் குறைவாகத்தான் அலைந்திருப்பான்.

அலையாமல் இருக்க முடியவில்லை. உயிரோடிருப்பவர்களிலும் சிலர் வைத்திருந்தார்கள். ஆனால் செத்தவர்களின் அளவுக்குக் கிட்டேகூட இல்லை. களகளவென்ற சத்தத்தையும் சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் இன்னும் விரிந்தது. அப்படிச் சொன்னவர்களை டாக்டரும் அவர் நண்பர்களும் ஞாயிறு மாலைகளில் நடத்திய இலவச மருத்துவ அறைக்கு அழைத்துப் போனேன். பலர் வந்தார்கள். நான் தேடியவன் மட்டும் வரவில்லை.

கடைசியில் திடலில்தான் கண்டுபிடித்தேன். பிற்பகல். புல்லில் செய்தித்தாளை விரித்து, பையைத் தலைக்கு வைத்து, கையால் கண்ணை மறைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம் கூட்டமாகச் சாப்பிடுகிறவர்கள், போன் பேசுகிறவர்கள். எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முட்டி இரண்டும் ஆட்சேபித்தன. தூங்கி எழட்டும், எழுந்தால் ஓட முடியாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவன் மூச்சு சீராகத்தான் இருந்தது. திடீரென்று நின்றது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அத்தனை பேர் வாயால் கேட்டு, அத்தனை முறை தாளில் எழுதிய சத்தம். தண்ணீருக்குள் யாரோ மூச்சு விடுகிற மாதிரி. கை கண்ணைவிட்டுச் சரிந்தது. கண் பாதி திறந்து வெள்ளையாகத் தெரிந்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன், "எந்திரி! எந்திரிடா!" என்றேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். நான் அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தப் போனபோது அவன் ஒரு பெரிய மூச்சை இழுத்தான். விழித்தான். என்னைப் பார்த்து, "மேடம், நீங்களா?" என்றான்.

அப்போதும் என் கணக்குப் புத்தி போகவில்லை.

"இப்ப அமுக்குச்சா?"

"ஆமா."

"ஸ்பேனர் எங்க?"

தலைக்கு அடியில் இருந்த பையைத் தடவிப் பார்த்தான். "இந்தா இருக்கு."

"இருந்துச்சுல்ல? தலைக்கு அடியிலேயே இருந்துச்சுல்ல? அப்பவும் வந்துச்சா இல்லையா?"

அவன் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதால ஒண்ணும் ஆகலடா. உன் அண்ணன் அதை வச்சுக்கிட்டுப் படுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நீ அவன் உசுரை வாங்கல. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நெஞ்சு, அவ்வளவுதான். இது நோய். பேய் இல்ல. நோய்!"

அவன் புல்லில் குப்புற விழுந்து அழுதான். அண்ணன் இறந்ததிலிருந்து அழவில்லையாம். சவப்பெட்டியோடு ஊருக்குப் போனபோதுகூட அழவில்லை என்று பிறகு சொன்னான். நானும் கூச்சப்படாமல் அழுதேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அன்றைக்குத்தான் மேடம் போய் அக்கா ஆனேன்.

இ.சி.ஜி. தாளை டாக்டர் எனக்குக் காட்டினார். இறங்க வேண்டிய இடத்தில் கோடு இறங்காமல் சறுக்குமரம் மாதிரி சரிந்தது. "இதுதான் லா" என்றார். துடிப்பு தாறுமாறானால் உள்ளேயே அதிர்ச்சி கொடுத்துத் திருப்புகிற ஒரு சின்னக் கருவியை அவன் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அதற்காக டாக்டர் எத்தனை கதவைத் தட்டினார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நெஞ்சில் கருவி இருப்பவன் சாரத்தில் ஏற முடியாது. வெல்டிங் பக்கம் போகக் கூடாது. அவன் எதற்குப் பயந்தானோ அதுதான் நடந்தது. விமான நிலையத்துக்கு நானும் என் கணவரும் கொண்டுபோய் விட்டோம். உள்ளே போவதற்கு முன் சொன்னான். "உங்கள நான் பாக்காமலே இருந்திருந்தா வேலை இருந்திருக்கும்க்கா."

"வேலை இருந்திருக்கும்" என்றேன். "நீ?"

கோபத்தோடுதான் போனான். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கு ஒரு வாக்குறுதி மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் ஒரு வாட்ஸ்அப். வேறொன்றும் எழுத வேண்டாம். கோபத்திலும் அதை அவன் மீறவில்லை. தினமும் வந்தது. "எந்திரிச்சுட்டேன்." வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. அலுவலகத்தில் என் மேசையில் உட்காரும்போது வரும். பதிவுகளைத் திறப்பதற்கு முன்பு அதைப் பார்ப்பேன். மாதங்கள் போகப் போக அதோடு ஒரு "க்கா" சேர்ந்தது. பிறகு வயலில் நிற்கிற படம், அம்மா சுட்ட பணியாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

என் அட்டவணையில் அவன் இப்போது இல்லை. ஊருக்குப் போனவர்களைக் கீழேயிருந்து எடுத்துவிடுவோம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவன் பிழைத்ததால் என் வீதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதை நினைத்து ஒருநாள் சிரித்தேன். வாழ்நாளெல்லாம் போட்ட கணக்குகளில் மிகவும் திருப்தியான ஆள் கணக்கிலேயே வராதவன்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். பரிசோதனையில் இ.சி.ஜி.யையும் சேர்க்க வேண்டும், நோய் என்று கேட்காமல் அவரவர் மொழியில் அவரவர் பேயைப் பற்றிக் கேட்க வேண்டும், கண்டுபிடித்தால் தரையில் செய்கிற வேலை கொடுக்க வேண்டும், ஊருக்குத் துரத்தக் கூடாது. இந்தக் கடைசிப் பரிந்துரை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், கேள்விகளோடு திரும்பி வருகிறது. பதில் எழுதி அனுப்புகிறேன். மறுபடி வருகிறது. ஓய்வு பெறுவதற்குள் முடிக்காமல் விட மாட்டேன் என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். முடியாவிட்டால் ஓய்வு பெற்ற பிறகும் வந்து உட்காருவீர்கள் என்று தெரியும் என்றாள் அவள். என்னை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பொங்கோல் நீரோரப் பாதையில் நானும் என் கணவரும் நடந்துகொண்டிருந்தோம். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. செய்தி வரவில்லை. இன்னொரு சுற்று நடந்தோம். வரவில்லை. அங்கே இந்நேரம் வெயில் ஏறியிருக்கும். வயல்காரர்கள் எழுந்து பாதி வேலை முடித்திருப்பார்கள். என் கணவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அறுந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

ஒரு பெண் குரல் எடுத்தது. அவன் அம்மா.

"சிங்கப்பூர் அக்காவா? அவன் தூங்குறான் தாயி."

அவசரமாகக் கேட்டேன். "மூச்சு எப்படிம்மா இருக்கு? கொஞ்சம் பக்கத்துல போன வச்சுக் காட்டுங்க."

செருப்புச் சத்தம், கோழிச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் கேட்டது. பிறகு அது கேட்டது. சாதாரணக் குறட்டை. என் கணவர் விடுகிற மாதிரி, நாகரிகமே இல்லாத, முழு வயிற்றுக் குறட்டை.

"இரும்பு வச்சிருக்கானா?"

"அந்த ஸ்பேனரா? அது மோட்டார் ரூம்ல கெடக்கு தாயி. பம்புசெட்டு நட்டு கழண்டுச்சுன்னு எடுத்துட்டுப் போனான், அங்கனயே போட்டுட்டான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மூத்தவன் போனதுலருந்து இவன் விடிஞ்சும் தூங்கி நான் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பாக்குறேன். எழுப்பவா?"

"வேண்டாம்மா" என்றேன். "எழுப்பாதீங்க. தூங்கட்டும்."